புரொஜெக்டருக்கும் டிவிக்கும் நிறம் அளக்க எந்த மீட்டர்?

மதுரை வீட்டின் மாடி அறையில் 100 அங்குலத் திரையும் லேம்ப் வைத்த 3எல்சிடி புரொஜெக்டரும் இருக்கின்றன. கீழே ஹாலில் ஓஎல்இடி டிவி. மேசையில் போட்டோ வேலைக்கான வைட் கேமட் (வழக்கத்தைவிட அதிக நிறங்களைக் காட்டும்) எல்இடி மானிட்டர். ஒரே படத்தை மூன்றிலும் போட்டால் மூன்று படம் மாதிரி இருந்தது. மாடியில் முகங்கள் லேசாகப் பச்சையடித்தன, மானிட்டரில் சிவப்பு தூக்கலாக இருந்தது. மூன்றையும் ரெக் 709 என்ற எச்டி வீடியோ நிறத் தரத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதன் வெள்ளை டி65, அதாவது நிறங்களை எண்ணால் குறிக்கும் சிஐஇ 1931 வரைபடத்தில் எக்ஸ் 0.3127, ஒய் 0.3290. இதைக் கண்ணால் வைக்க முடியாது. இருட்டறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் நீல வெள்ளையையும் மஞ்சள் வெள்ளையையும் கண் ஒரே மாதிரி வெள்ளை என்று ஏற்றுக்கொள்ளும். மீட்டர் வேண்டும்.

மீட்டரில் இரண்டு வகை. கலரிமீட்டர் மூன்று நிற வடிகட்டிகளுக்குப் பின்னால் சென்சார் வைத்து ஒளியை எண்ணாக்குகிறது. வேகமாக அளக்கும், இருட்டிலும் நன்றாகப் பார்க்கும், விலையும் கட்டுப்படியாகும். ஆனால் அந்த வடிகட்டிகள், ஒவ்வொரு அலைநீளத்தையும் கண் எப்படிப் பார்க்கிறது என்று சிஐஇ வகுத்த வளைவுகளோடு முழுக்கப் பொருந்துவதில்லை. அதனால் ஒரு வகை ஒளிக்குச் சரியாகச் சொல்வது இன்னொரு வகைக்குத் தவறும். இரண்டாவது வகையான ஸ்பெக்ட்ரோ (ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர்) அப்படியல்ல. ஒளியை அலைநீளம் அலைநீளமாகப் பிரித்து அளந்து, பிறகு கணக்குப் போடுகிறது. எந்த ஒளியைக் காட்டினாலும் நிறத்தைச் சரியாகச் சொல்லும். விலை பல மடங்கு.

அப்படியானால் காசு சேர்த்து ஸ்பெக்ட்ரோவே வாங்கிவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். புரொஜெக்டர் வைத்திருப்பவர் அதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். சினிமா திரையின் வெள்ளைக்கு வகுத்த அளவு 14 ஃபுட் லேம்பர்ட், அதாவது 48 நிட்ஸ் (இரண்டும் திரை வெளிச்சத்தின் அலகுகள்). வீட்டிலும் ஏறத்தாழ அதைத்தான் குறி வைக்கிறோம். கறுப்பிலிருந்து வெள்ளைக்கு வெளிச்சம் ஏறும் வளைவான காமாவை 2.4 என்று வைத்தால் 20 சதவீதச் சாம்பல் 1 நிட் தான். 10 சதவீதம் 0.19 நிட். 5 சதவீதம் 0.036 நிட். ஐ1 புரோ 2 ஸ்பெக்ட்ரோவின் கீழ் எல்லை 0.2 நிட். படத்தின் நிழல்கள் எல்லாம் இருக்கும் இடத்தில் அந்த விலையுயர்ந்த கருவி தடுமாறத் தொடங்கிவிடுகிறது. டிவிக்கு இது பெரிய குறையில்லை, வெளிச்சம் தாராளம். புரொஜெக்டருக்கு இதுதான் முடிவைத் தீர்மானிக்கும் விஷயம்.

ஆகவே கலரிமீட்டர் சொந்தமாக, ஸ்பெக்ட்ரோ ஒரு மாலைக்கு இரவலாக என்று முடிவு செய்தேன். இந்தப் பொழுதுபோக்கில் இறங்குபவருக்கு என் பரிந்துரையும் இதுவே.

எந்தக் கலரிமீட்டர்? எக்ஸ்ரைட்டின் ஐ1 டிஸ்ப்ளே புரோ, பழையது. 2021 முதல் அந்த வரிசை காலிபிரைட் பெயரில் வருகிறது. புதிய புரோ எச்எல் 3000 நிட்ஸ் வரையும் பிளஸ் எச்எல் 10,000 நிட்ஸ் வரையும் அளக்கும். எச்டிஆர் டிவிதான் முக்கியம் என்றால் அவற்றைப் பார்க்கலாம். 48 நிட்ஸ் திரைக்கு அந்த உச்சத்தால் பயனில்லை. டேட்டாகலரின் ஸ்பைடர் எக்ஸையும் யோசித்தேன். மானிட்டர் மட்டும் இருந்திருந்தால் அதுவே போதும். ஐ1 டிஸ்ப்ளேயின் பக்கம் என்னை இழுத்தது வேறொன்று. அதன் சென்சார்கள் ஒவ்வொரு அலைநீளத்துக்கும் எப்படி வேலை செய்கின்றன என்ற தகவல் கருவிக்குள்ளேயே பதிந்திருக்கிறது. திரையின் நிறமாலைக் கோப்பைக் கொடுத்தால், அந்தத் திரைக்கு ஏற்ற திருத்தத்தை ஆர்கில் என்ற நிற அளவீட்டு மென்பொருள் தானே கணக்கிட்டுக்கொள்ளும். ஆர்கில் இலவசம், அளவுகளைப் பட்டைகளாகக் காட்டும் எச்சிஎஃப்ஆர் மென்பொருளும் இலவசம். மென்பொருளுக்கு ஒரு பைசா செலவில்லை.

பழைய கருவி வாங்குவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதற்கு முந்தைய தலைமுறை கலரிமீட்டர்கள் மலிவாகக் கிடைக்கும், வாங்க வேண்டாம். அவற்றின் வடிகட்டிகள் ஈரப்பதத்தில் வருடக்கணக்கில் மெல்ல மாறிவிடும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊரில் கிடந்த கருவி என்றால் இன்னும் சந்தேகம்.

ஸ்பெக்ட்ரோ சிவகாசியிலிருந்து வந்தது. அங்கே அச்சகத்தில் நிறம் பார்க்கும் நண்பனிடம் ஐ1 புரோ 2 இருக்கிறது. அச்சான தாளின் நிறத்தைச் சரிபார்க்க அச்சகங்களில் புழங்கும் கருவிதான். அளப்பதற்கு முன் கருவியைச் சரிசெய்துகொள்ள அதோடு ஒரு வெள்ளை டைல் வரும். கொடுக்கும்போது அவன் சொன்னது: “டைலை விட்டுட்டுப் போயிடாதடா. அதுவும் இதுவும் ஜோடி. சீரியல் நம்பர் ஒண்ணா இருக்கணும்.” கருவியின் அடியில் இருந்த எண்ணையும் வெள்ளை டைல் இருந்த தட்டின் எண்ணையும் என் கண் முன்னால் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் பையில் போட்டான்.

அன்று மாலை செய்தது இதுதான். புரொஜெக்டரை அரை மணி நேரம் ஓடவிட்டு லேம்ப் நிலைக்கு வந்த பிறகு, காட்சிக்கேற்ப ஒளியைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ ஐரிஸை அணைத்தேன். அது ஓடினால் ஒவ்வொரு சாம்பலுக்கும் வெளிச்சம் தன்னிஷ்டத்துக்கு மாறும், அளப்பதில் அர்த்தமே இல்லை. இரண்டு கருவிகளையும் மாற்றி மாற்றி ஒரே டிரைபாடில், திரையிலிருந்து ஒன்றரை அடியில், சற்றுச் சாய்த்து வைத்தேன். நேராக வைத்தால் மீட்டரின் நிழல் அது அளக்கும் இடத்திலேயே விழும். வெளிச்சத்தை அளக்கும் வெள்ளை மூடியைப் போட்டு மீட்டரைப் புரொஜெக்டர் பக்கம் திருப்பி வைக்கும் முறையும் உண்டு. இருட்டுச் சாம்பலுக்கு அதில் ஒளி தாராளமாகக் கிடைக்கும். ஆனால் திரைத் துணியின் சாயல் கணக்கில் வராது. நான் பார்ப்பது திரையைத்தான், அதனால் திரையைப் பார்த்தே அளந்தேன்.

ஸ்பெக்ட்ரோ காட்டிய வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது. புரொஜெக்டர் லேம்ப் பாதரச ஆவி விளக்கு. 436 நானோமீட்டரில் நீலத்துக்கு ஒரு ஊசி, 546இல் பச்சைக்கு ஒரு பெரிய ஊசி, 578 பக்கம் மஞ்சளில் இன்னொன்று. அதற்கு மேல் சிவப்புக்கு வெறும் தாழ்ந்த மேடு. முகங்கள் ஏன் பச்சையடித்தன என்பதற்கான பதில் அந்தப் படத்திலேயே இருந்தது. மானிட்டரை அளந்தால் வேறு உலகம்: சிவப்பில் 631 நானோமீட்டரை ஒட்டி ஒல்லியான முனைகள். வழக்கமான 10 நானோமீட்டர் இடைவெளியில் அவை மழுங்கிப் போகும். ஆர்கிலில் 3.3 நானோமீட்டர் நுணுக்கத்துக்கு மாற்றிய பிறகுதான் தனித்தனியாகத் தெரிந்தன.

சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை நான்கையும் முழு வெளிச்சத்தில் இரண்டு கருவிகளாலும் அளந்து, கலரிமீட்டருக்குத் திருத்தம் செய்துகொண்டேன். ஸ்பெக்ட்ரோவின் வேலை அதோடு முடிந்தது. அதற்குமேல் இருட்டுப் பகுதி வரை கலரிமீட்டரே ஓடியது.

எச்சிஎஃப்ஆர் திரையில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பட்டைகள் நிற்கும். மூன்றும் 100 என்ற கோட்டில் சமமாக நின்றால் வெள்ளை சரி. சிவப்பை ஏற்ற இடமில்லை, லேம்பில் இருப்பதே அவ்வளவுதான். பச்சையின் கெயினை (வெளிச்சமான பகுதிக்கான கட்டுப்பாடு) குறைத்து, அப்புறம் நீலத்தைக் கொஞ்சம் குறைத்து, 80 சதவீதச் சாம்பலில் மூன்றையும் சேர்த்தேன். பிறகு 30 சதவீதத்துக்கு வந்து, இருட்டுப் பகுதிக்கான ஆஃப்செட்டைத் திருத்தினேன். ஒன்றைத் தொட்டால் மற்றது நகரும், மேலும் கீழுமாகப் போய்வர வேண்டும். வெளிச்சம் குறைந்தது உண்மை. ஆனால் 100 அங்குல சாதாரண வெள்ளைத் திரையில் 48 நிட்ஸுக்கு 415 லூமென் அளவே போதும், அதற்கு மேலேயே கையில் மிச்சம் இருந்தது. கறுப்பிலிருந்து வெள்ளை வரையான சாம்பல் படிகளின் (கிரேஸ்கேல்) மேல் பாதியில், நிறப் பிழையின் அளவான டெல்டா ஈ 2க்குக் கீழே வந்தது. 3க்குக் கீழே வந்தாலே படத்தில் பிழை தெரிவது கடினம்.

ஓஎல்இடியில் வேறொரு சங்கதி. எண்கள் டி65 என்று சத்தியம் செய்தாலும், பக்கத்தில் எல்சிடி மானிட்டரை வைத்தால் டிவியின் வெள்ளை மஞ்சள்பச்சையாகத் தெரிந்தது. இது மீட்டரின் குற்றமில்லை. 1931இன் கண் வளைவுகள் நீலப் பகுதியில் உண்மையான கண்ணிலிருந்து விலகுகின்றன, குறுகிய நிறமாலை உள்ள திரைகளில் அது வெளிப்படுகிறது. சோனி தன் ஓஎல்இடி ஸ்டுடியோ மானிட்டர்களுக்கு வெள்ளையை எக்ஸில் 0.006, ஒய்யில் 0.011 இறக்கச் சொன்னது இதற்காகத்தான். அந்த 0.3067, 0.3180 என் டிவிக்கு அப்படியே பொருந்தவில்லை, ஊதா தட்டியது. பாதி வழியில் நிறுத்தி, இரண்டு திரையிலும் ஒரே சாம்பலைப் போட்டுக் கண்ணால் முடித்தேன். இவ்வளவு கருவிக்குப் பிறகும் கடைசி வார்த்தை கண்ணுக்கு என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இரண்டு திரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் கண் கெட்டிக்காரன்.

மீதம் இருப்பது புரொஜெக்டரின் 10 சதவீதம். அங்கே இன்னும் நீலம் ஏறி நிற்கிறது. மெனுவில் கெயின், ஆஃப்செட் இரண்டுதான், அந்த ஒரு படியை மட்டும் தனியாகத் தொட வழியில்லை. படம் ஓட்டும் கணினியில் 3டி லட் (ஒவ்வொரு நிறத்தையும் எதுவாக மாற்றுவது என்று சொல்லும் அட்டவணை) போட்டு அதைச் சரிசெய்ய வேண்டும். லேம்பும் வயதாகிக்கொண்டிருக்கிறது, இன்னும் சில நூறு மணி நேரம் ஓடியதும் வெள்ளை நகர்ந்திருக்கும். லட்டை அப்போது போட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறேன்.