போஜாக் நான்காம் சீசன்: பதினொன்றாவது எபிசோடுக்காகவே பார்க்கலாம்

மவுசு போன ஒரு டிவி நடிகக் குதிரையின் கதை சொல்லும், பெரியவர்களுக்கான அனிமேஷன் தொடர் 'போஜாக் ஹார்ஸ்மேன்'. 2017-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த அதன் நான்காம் சீசனில் மொத்தம் 12 எபிசோடுகள். முதல் எபிசோடில் நாயகன் போஜாக்கே வருவதில்லை. அதற்குப் பதில் அவன் சக நடிகனான நாய், மிஸ்டர் பீனட்பட்டரின் கவர்னர் தேர்தல் கூத்து. சீசனின் பலவீனமும் அதுதான். நையாண்டி சிரிக்க வைக்கிறது, ஆனால் பாதியில் இழுவை.

கனமெல்லாம் போஜாக்கின் அம்மா பியாட்ரிஸ் கதையில். பதினொன்றாவது எபிசோடு முழுக்க மறதிநோய் பிடித்த அவள் மண்டைக்குள்ளேயே நடக்கிறது. வேலைக்காரி ஹென்ரியெட்டாவின் முகத்தை மட்டும் பேனாவால் கிறுக்கி அழித்தது போல வரைந்திருக்கிறார்கள். வேறு பலருக்கு முகமே இல்லை. இரண்டும் ஒன்றல்ல: வெற்று முகம் மறந்துபோனவர்கள், கிறுக்கல் அவளே நினைக்க மறுக்கும் ஆள். பிரசவத்தில் ஹென்ரியெட்டாவிடமிருந்து கைக்குழந்தையைப் பிரிக்கும் காட்சியோடு, சிறுவயதில் பியாட்ரிஸின் பொம்மையை அப்பா நெருப்பில் போட்ட காட்சியும் பின்னிக்கொள்கிறது. வசனத்தில் விளக்கவே இல்லை, நல்லவேளை!

இதைப் பார்க்கும் முன் இரண்டாவது எபிசோடை மறுபடி ஓட்டுங்கள். பியாட்ரிஸ் குடும்பத்தின் மிச்சிகன் வீட்டில் 1940-களும் இன்றும் ஒரே ஃபிரேமில் நடமாடும். ஐஸ்க்ரீம் பையன்களுக்கு, பெண்பிள்ளைக்கு சர்க்கரை தூவிய எலுமிச்சை என்ற பேச்சும் அங்கேதான். அது நினைவில் இல்லாவிட்டால், முதியோர் இல்லத்தில் போஜாக் அம்மாவிடம் ஐஸ்க்ரீம் ருசியைக் கேட்பது வெறும் சமாதானமாகத் தெரியும். உண்மையில், சிறுவயதில் அவளுக்குக் கிடைக்காத ஒன்றைப் பொய்யாகவாவது கொடுக்கிறான்.

ஆறாவது எபிசோடில் போஜாக்கின் மனக்குரல் வரும்போது கோடுகள் கரடுமுரடாக மாறுவதையும் கவனியுங்கள். ஹெட்போன் அவசியம்.