மின்னல் விழுந்த கேசட்

பங்க் என்னும் முரட்டு வேக ராக் இசைக்குப் பேர்போன அமெரிக்கக் குழு பேட் பிரெய்ன்ஸ், முதலில் ஜாஸும் ராக்கும் கலந்த ஜாஸ் ஃப்யூஷன் வாசித்தது என்றால் நண்பர் நம்பவே இல்லை. 1970களின் பிற்பகுதி, வாஷிங்டன் டி.சி.; அப்போது பெயர் மைண்ட் பவர். நான்கு கறுப்பின இளைஞர்கள். பங்க் காதில் விழுந்ததும் பாதை மாறியது. ஜாஸில் பழகிய கை அல்லவா, எவ்வளவு வேகம் போனாலும் தாளம் பிசகாது!

1982இல் முதல் ஆல்பம், கேசட்டாக மட்டும். அட்டையில் அமெரிக்க நாடாளுமன்றக் குவிமாடத்தின் மேல் மின்னல் இறங்குகிறது. உள்ளே காட்டுத்தனமான ஹார்ட்கோர், அதாவது பங்கின் இன்னும் வேகமான வடிவம்; நடுநடுவே நிதானமாக ஜமைக்காவின் ரெக்கே இசை. முதலில் கேட்டபோது டேப் மாறிவிட்டதோ என்று நினைத்தேன்.

அப்புறம் அதே ரெக்கேதான் குழுவைப் பிரித்தது. பாடகர் எச்.ஆர். அதன் பின்னால் போனார். டிரம்ஸ் வாசித்த தம்பி ஏர்லும் கூடவே. சரி, பிறகு திரும்பி வந்தார்கள். மறுபடியும் போனார்கள்.