செரங்கெட்டிக்கு நாங்கள் மாதம் குறித்த விதம்

தான்சானியாவின் செரங்கெட்டி வனவிலங்குப் பூங்காவுக்குச் செல்வதென்று முடிவு செய்தபோது, மகளின் பள்ளி விடுமுறையை எண்ணி மே மாதத்தையே முதலில் குறித்து வைத்தோம். விசாரித்த பிறகுதான், மார்ச் முதல் மே வரை அங்கே 'மசிகா' எனப்படும் நெடுமழைக் காலம் என்பதும், கரிசல் மண் தடங்களில் வண்டிகள் புதைந்துவிடும் என்பதும், கூடார விடுதிகளில் பல அப்போது மூடியிருக்கும் என்பதும் தெரியவந்தன. கட்டணம் குறைவுதான், ஆனாலும் முதல் பயணத்துக்கு அது ஏற்றதாகப் படவில்லை.

எனவே, எந்த மாதம் நல்லது என்று கேட்பதை நிறுத்திவிட்டு, எதைக் காண விரும்புகிறோம் என்று வீட்டில் பேசினோம். அங்கே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட்டுகள் (மாட்டைப் போன்ற தோற்றமுடைய பெரிய மறிமான்கள்) மழையையும் புல்லையும் தேடி ஆண்டு முழுவதும் சுற்றி வருகின்றன. ஜூலை முதல் அக்டோபர் வரை அவை வடக்கே மாரா ஆற்றைக் கடக்கும் காட்சி புகழ்பெற்றது என்றாலும், எந்த நாளில் கடக்கும் என்பதை எவராலும் சொல்ல இயலாது. ஜனவரி இறுதி முதல் மார்ச் வரை தெற்கே நிடூட்டுச் சமவெளியில் அவை கன்று ஈனுகின்றன. எரிமலைச் சாம்பல் படிந்த அந்த மண்ணின் குட்டைப் புல்லில், பாலூட்டும் தாய்க்கு வேண்டிய கால்சியமும் பாஸ்பரசும் மிகுந்திருக்கின்றன. பெரும்பாலான கன்றுகள் மூன்று வாரங்களுக்குள் பிறந்துவிடுவதால், சிங்கமும் கழுதைப்புலியும் எவ்வளவு தின்றாலும் மீதம் இருக்கும். இதைக் கேட்ட மகள் வேறெதையும் ஏற்கவில்லை. பள்ளியில் விடுப்புக் கேட்டு, பிப்ரவரி நடுவில் புறப்பட்டோம்.

மாதம் மாறியதும் இடங்களும் மாறின. தாரங்கிரே தேசியப் பூங்காவில் யானைகள் ஆற்றோரம் திரள்வது வறண்ட மாதங்களில்தான் என்பதால், அதற்கு ஒதுக்கிய இரண்டு நாட்களையும் நிடூட்டுவுக்கே கொடுத்தோம். கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்தில் விலங்குகள் ஆண்டு முழுவதும் தங்கியிருப்பதால் அந்த ஒரு நாளை மட்டும் மாற்றவில்லை. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று ஊசி போட்ட 10 நாட்களுக்குப் பின்பே செல்லுபடியாகும் என்பதால், அதை முன்கூட்டியே முடித்துக்கொண்டோம்.

நிடூட்டுவில் மூன்றாம் நாள் காலை, மந்தையிலிருந்து சற்று விலகி நின்ற ஒரு தாய் எங்கள் கண்ணெதிரே கன்று ஈன்றது. ஈரம் காயாத அந்தக் கன்று எழுந்து விழுந்து, மீண்டும் எழுந்து, பத்து நிமிடத்துக்குள் தாயின் பின்னே ஓடத் தொடங்கியது. மந்தைக்குள் அது மறையும்வரை மகள் என் கையை விடவில்லை.