எந்தத் தண்ணி?

சிங்கப்பூரில் நான் வளர்ந்த வீவக வீட்டில், அதாவது அரசு அடுக்குமாடி வீட்டில், தண்ணீர் என்றால் ஒன்றுதான். குழாயைத் திறந்தால் வரும். அதையே குடிப்போம், அதிலேயே சமைப்போம், அதிலேயே குளிப்போம். கல்யாணமாகி 2022இல் மதுரைக்கு வந்த முதல் வாரம், சாம்பாருக்குத் துவரம்பருப்பு வேக வைத்தேன். ஒன்பது விசில் போன பிறகும் பருப்பு குக்கருக்குள் முழிச்சு முழிச்சுப் பார்த்தது. அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, எத்தனை விசில் விட்டாய் என்று கேட்கவில்லை. "ஏத்தா, எந்தத் தண்ணில போட்ட?" என்றுதான் கேட்டார்.

எந்தத் தண்ணி என்றால் எனக்குப் புரியவில்லை. சிங்க் குழாயைக் காட்டினேன். அத்தை தலையில் கை வைத்துக்கொண்டார்.

எங்கள் வீடு ஐயர் பங்களா பக்கம். சிங்க்கிலும் பாத்ரூமிலும் வருவது மொட்டைமாடி டேங்க்கில் ஏற்றி வைத்த போர் தண்ணி. அதற்குப் பெயர் உப்புத் தண்ணி. தெருக் குழாயில் நாள் விட்டு நாள் வருவது நல்ல தண்ணி. அதைக் குடங்களில் பிடித்து அடுப்படியில் வரிசையாக வைத்திருப்போம், சமையலுக்கு மட்டும். குடிக்கக் கேன் தண்ணி. உப்புத் தண்ணி என்றதும் கடல் தண்ணீர் மாதிரி கரிக்கும் என்று நினைத்து ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். கரிக்கவில்லை. நாக்கில் ஏதோ மாவு பூசின மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

அந்த மாவுதான் விஷயம். மதுரைக்கு அடியில் இருப்பது கடும்பாறை. மழைத் தண்ணீர் அதன் வெடிப்புகளுக்குள் இறங்கி நாள்கணக்கில் கிடக்கும்போது கால்சியம், மக்னீசியத்தைக் கரைத்துக்கொள்கிறது. தெருக் குழாய்க்கு வருவது அப்படியில்லை, மலையில் பெய்து ஆற்றோடு ஓடி வந்த தண்ணீர். பென்னிகுக் கட்டிய பெரியாறு அணையிலிருந்து 1895 முதல் சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பி வரும் தண்ணீரும், 1959இல் திறந்த வைகை அணையில் தேங்குவதும்தான் ஊருக்குச் சோறு பொங்குகிறது. கேரளத்து மழையில் வேகிற பருப்பு எங்கள் வீட்டுப் போர் தண்ணியில் வேகாது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

பருப்பு ஏன் வேகவில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. பருப்பின் செல்களை ஒட்டி வைத்திருக்கும் பெக்டினைக் கால்சியம் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் எத்தனை விசில் விட்டாலும் குழையாது. குடம் காலியான அவசர நாளில் அத்தை சிட்டிகை ஆப்பச் சோடா போடுவார். வேகும். ஆனால் வாசனை எனக்குப் பிடிக்காது.

அடுத்தது தே-ஓ. பால் விடாத தேநீரைச் சிங்கப்பூரில் அப்படித்தான் சொல்வோம், எனக்கு அது இல்லாமல் மாலை நகராது. பருப்பில் பட்டும் புத்தி வராமல், சோம்பலில் ஒரு நாள் சிங்க் தண்ணீரிலேயே போட்டுவிட்டேன். ஆற வைத்துவிட்டுப் பார்த்தால் மேலே பழுப்பாக ஒரு ஏடு. கரண்டியால் தொட்டதும் வறண்ட கண்மாய் மாதிரி வெடித்து, துண்டு துண்டாக ஓரம் ஒதுங்கியது. தேநீரில் இருக்கும் சத்துகளைக் கால்சியம் பிடித்துக்கொண்டு போடும் ஏடு அது. எலுமிச்சை பிழிந்தால் கரைந்துவிடும் என்று பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

முடி கதையைச் சொன்னால் நீளும். சோப்பு நுரைக்காது, நுரைத்தாலும் தயிர் திரிந்த மாதிரி உடம்பில் ஒட்டும். தலை காய்ந்தால் தேங்காய் நார். கடைத்தெருவில் ஒருவர் ஷவரில் மாட்டுகிற ஃபில்டர் ஒன்றை, "ஒரே வாரத்துல பட்டு மாதிரி ஆயிரும்மா" என்று தலையில் கட்டினார். மூன்று மாதம் மாட்டிப் பார்த்தேன். ஷவர் துளைகள் முன்பு போலவே ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வந்தன. கரைந்திருக்கும் கால்சியத்தை வடிகட்டிப் பிடிக்க முடியாது. அதற்குக் கால்சியத்தைப் பிடித்துவைக்கும் ரெசின் மணிகள் வைத்த சாஃப்ட்னர் வேண்டும், அதற்கும் அவ்வப்போது மூட்டை உப்பு போட்டு உயிர் கொடுக்க வேண்டும். டி.டி.எஸ். மீட்டரை நீட்டி எண்ணைக் காட்டுகிறவர்களையும் நான் இப்போது நம்புவதில்லை. அது கரைந்த எல்லாவற்றையும் மொத்தமாகச் சொல்லும், கால்சியமும் மக்னீசியமும் தருகிற கடினத்தன்மையைத் தனியாகச் சொல்லாது.

கல்லூரியில் வேதியியல் படிக்கிற, வீட்டுக்காரரின் அண்ணன் மகள்தான் உருப்படியாக ஒன்று செய்தாள். இரண்டு பாட்டிலில் இரண்டு தண்ணீரையும் கொண்டுபோய், சிவப்பாக்கிய தண்ணீர் நீலமாகும்வரை சொட்டுச் சொட்டாக மருந்து விட்டுக் கடினத்தன்மையை அளந்துவிட்டு வந்தாள். குடிநீரில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை கடினத்தன்மை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லையென்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தரநிர்ணயம். "சித்தி, நல்ல தண்ணி இருநூறுக்குள்ளதான். நம்ம போர் அறுநூறையும் தாண்டிருச்சு," என்றாள், என்னமோ மார்க் வாங்கின மாதிரி.

அதற்குள் கீசர் போயிருந்தது. வந்தவர் ஹீட்டர் கம்பியை வெளியே எடுத்தபோது அது கம்பியாகவே இல்லை, சுண்ணாம்பு பூசிய முருங்கைக்காய். ஸ்பேனரால் தட்டினார், ஓடு ஓடாக உதிர்ந்து ஒரு தட்டு நிறைய வந்தது. சூடாக்கினால் தண்ணீரில் கரைந்திருப்பது இப்படிக் கல்லாகப் படிந்துவிடும். படிந்தது வெப்பத்தைத் தண்ணீருக்கு விடாது. கம்பி தானே சூடாகி வெந்துபோகும். கரண்ட் பில் ஏன் ஏறியது என்பதும் அன்றைக்குத்தான் விளங்கியது. இப்போது கீசரில் சூட்டைக் குறைத்து வைத்திருக்கிறேன். கெட்டிலுக்கு மாதம் ஒருமுறை வினிகர். டம்ளர் வெள்ளைக்குப் புளி, அது அத்தையின் வைத்தியம்.

முடிக்கு வழி சொன்னது அப்பத்தா. "சோப்பப் போட்டுக்கிட்டே இருந்தா எப்படி நுரைக்கும் தாயி? சீயக்கா தேயி." எரிச்சலோடுதான் தேய்த்தேன். சீயக்காய் நுரை சோப்பைப் போலத் திரிவதில்லை. கடைசி ஒரு செம்பு மட்டும் நல்ல தண்ணி ஊற்றி அலசினேன். அந்த ஒரு செம்புக்கு அத்தையிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது, அது வேறு கதை.

போன டிசம்பரில் இரண்டு வாரம் சிங்கப்பூர் போயிருந்தேன். முதல் நாள் குளியலில் மதுரைக் கணக்குக்கு ஷாம்பூவை ஊற்றிவிட்டேன். நுரை தோள்வரை பொங்கியது. அலசுகிறேன், அலசுகிறேன், வழுவழுப்பு போகவே இல்லை. சோப்பு இன்னும் இருக்கிறது என்று நினைத்து மறுபடி ஷவரைத் திறந்தேன். வெளியே அம்மா கதவைத் தட்டினார்.

"என்னடி, அரை மணி நேரமா? தண்ணி பில்ல உன் மாமியாரா வந்து கட்டப் போறாங்க?"