ஓய்வுக்காலக் கணக்கு: நிதி ஆலோசகருடன் எங்கள் அனுபவம்

ஐம்பதை நெருங்கும்போது எங்களிடம் சேமிப்பு இருந்தது, ஆனால் சிதறிக் கிடந்தது. சில டெபாசிட்கள், சில மியூச்சுவல் ஃபண்டுகள், பழைய இன்சூரன்ஸ் பாலிசிகள், இன்னும் முடியாத வீட்டுக் கடன். மாதாமாதம் வருகிற ஓய்வூதியம் எனக்கும் கணவருக்கும் கிடையாது. இதெல்லாம் சேர்ந்து எத்தனை வயது வரை தாங்கும் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்றுதான் நிதி ஆலோசகர் தேட ஆரம்பித்தேன். அதற்குப் பதில், பணத்தை எதில் போடுவது என்பதில் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

பார்த்த எல்லோரிடமும் முதலில் கேட்டது, "உங்களுக்கு வருமானம் யாரிடமிருந்து வருகிறது?" சங்கடமான கேள்விதான். ஆனால் ஒழுங்காகத் தொழில் செய்கிறவர்கள் இதைக் கேட்டுச் சங்கடப்படவில்லை. ஒருவர், "நீங்கள் எனக்கு ஒரு பைசா தர வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த நிமிடமே ஒரு பாலிசி விளம்பரத் தாளை எடுத்து நீட்டினார். அவருக்குக் கமிஷன் அந்த நிறுவனத்திலிருந்து வருகிறது, அவ்வளவுதான். இன்னொருவர் முதலீட்டில் வருடத்துக்கு 1 சதவீதம் கேட்டார். கேட்பதற்குச் சின்னத் தொகை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 100 ரூபாய் 8 சதவீதத்தில் 30 வருடம் வளர்ந்தால் சுமார் 1,006 ரூபாய். அதே 100 ரூபாய் 7 சதவீதத்தில் 761தான். ஏறக்குறைய கால்வாசி கட்டணமாகவே போய்விடுகிறது. சந்தை விழுந்தால் பதறிப்போய் விற்கிற ஆளுக்கு, கையைப் பிடித்து நிறுத்த ஒருவர் இருப்பது அந்தச் செலவுக்குத் தகும் என்பதையும் சொல்ல வேண்டும். நாங்கள் கடைசியில் திட்டம் போடுவதற்கு மட்டும் ஒரு குறிப்பிட்ட தொகை வாங்குகிறவரைத் தேர்ந்தெடுத்தோம். வேறு யாரிடமும் கமிஷன் வாங்குவதில்லை என்று எழுத்தில் கேட்டோம், கொடுத்தார். நிதி ஆலோசகராக அவருடைய பதிவு செல்லுபடியாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டோம்.

முதல் சந்திப்பில் முதலீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு வருடத்துக்கான வங்கிக் கணக்கு விவரம், கார்டு பில்கள் எல்லாம் வேண்டும் என்றார். "மாதச் செலவு எல்லோருக்கும் தெரியும். மாதாமாதம் வராத செலவைச் சொல்லுங்கள்." பல் மருத்துவர், வீட்டில் பழுது, பிரீமியம், கல்யாணங்களுக்குச் செய்வது, பழைய ஃபிரிட்ஜுக்குப் பதில் புதியது. இவை எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தபோது, நாங்கள் வாயால் சொல்லிக்கொண்டிருந்த தொகையைவிட நிஜச் செலவு கணிசமாக அதிகம். எனக்குச் சலிப்பு தட்டிய வேலை இதுதான். திட்டம் முழுவதும் நின்றதும் இந்தத் தாளின் மேல்தான்.

அப்புறம், கணவர் இல்லாமல் அடுத்த சந்திப்பு கிடையாது என்றார். இரண்டு பேரையும் உட்கார வைத்து, எந்த வயதில் வேலையை விட விருப்பம் என்று தனித்தனியாக எழுதச் சொன்னார். நான் 60 என்று எழுதினேன். இவர் 56 என்று எழுதியிருந்தார். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு அது தெரியாது!

சந்தை 30 சதவீதம் விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒரு கேள்வித்தாளும் இருந்தது. காகிதத்தில் எல்லோரும் வீரர்கள்தான். ஆலோசகரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2020 மார்ச்சில் உலகச் சந்தைகள் சரிந்தபோது நிஜமாக என்ன செய்தீர்கள் என்று கேட்டார். நான் எதையும் தொடவில்லை. இவர் ராத்திரியெல்லாம் மொபைலில் விலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டையும் குறித்துக்கொண்டார்.

திட்டத்தின் முதல் வரைவில் பணவீக்கம் 6 சதவீதம் என்று வைத்திருந்தார். இன்றைக்கு 100 ரூபாய் ஆகிற செலவு 20 வருடத்தில் 321 ரூபாய். அது எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது, பணத்தை எடுக்கிற பகுதி. சராசரி வருமானம் நன்றாக இருந்தால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் ஒரு தாளில் போட்டுக் காட்டினார். 100 ரூபாய் முதலீடு. மூன்று வருடங்களில் ஒரு வருடம் 20 சதவீதம் நஷ்டம், ஒரு வருடம் 10 சதவீத லாபம், ஒரு வருடம் 25 சதவீத லாபம். நடுவில் பணம் எடுக்காவிட்டால் எந்த வரிசையில் வந்தாலும் 110தான். ஒவ்வொரு வருடக் கடைசியிலும் 10 ரூபாய் எடுத்தால்? மேலே சொன்ன வரிசையில், நஷ்டம் முதலில் வந்தால் மிஞ்சுவது 73.75. இதே வரிசையைத் தலைகீழாக்கினால் 83.20. கிட்டத்தட்ட ஒரு வருடச் செலவே வித்தியாசம். சேமிக்கிற காலத்தில் சந்தை விழுந்தால் மலிவாக வாங்குகிறோம், எடுக்கிற காலத்தில் விழுந்தால் மலிவாக விற்கிறோம்.

நான் எங்கோ படித்திருந்த 4 சதவீத விதியைப் பற்றிக் கேட்டேன். அமெரிக்க ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994இல் சொன்னது அது. முதல் வருடம் மொத்தத்தில் 4 சதவீதம், பிறகு விலைவாசிக்கு ஏற்ப அந்தத் தொகையை மட்டும் உயர்த்திக்கொண்டே போனால் 30 வருடம் தாங்கும் என்பது அவர் கணக்கு. "அது அந்த நாட்டுச் சந்தையின் பழைய வரலாறு, அதுவும் 30 வருடத்துக்கு" என்றார் எங்கள் ஆலோசகர். எங்களுக்கு 95 வயது வரை கணக்குப் போட்டிருந்தார். இவர் சிரித்தார். "இரண்டு பேரில் ஒருவராவது இருக்கலாம் இல்லையா, அவருக்காகத்தான்" என்றார் ஆலோசகர். சரி, நியாயம்தான். எனவே 4க்குக் கொஞ்சம் கீழே வைத்து, வேலையை விடும்போது மூன்று வருடச் செலவு டெபாசிட்டில் இருக்கும்படி ஏற்பாடு. சந்தை விழுகிற வருடம் அதிலிருந்து எடுப்போம், பங்குகளைத் தொட மாட்டோம்.

வீட்டுக் கடனில் மட்டும் அவரோடு ஒத்துப்போகவில்லை. அவசரமாக அடைப்பதைவிட அந்தப் பணத்தை முதலீடு செய்வது லாபம் என்றது அவர் கணக்கு. சம்பளம் நின்ற பிறகு தவணை கட்டுவது எனக்குச் சரிப்படாது என்றேன். வாதாடாமல், வேலையை விடுவதற்கு முந்தைய வருடம் கடன் முடியும்படி மாற்றிக் கொடுத்தார். இவருடைய 56 ஆசை 58 ஆனதும் அதனால்தான். முகம் கொஞ்சம் சுருங்கியது.

கடைசியில் கையில் வந்தது வண்ணப் படங்களோடு ஒரு தடித்த அறிக்கை. அதில் நாங்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பது இரண்டு பக்கங்கள்தான், மற்றது அலங்காரம். வருடத்துக்கு ஒரு முறை போய்ப் பார்க்கிறோம். மொத்த முதலீட்டில் பங்குகளின் அளவு திட்டத்தில் வைத்த 60 சதவீதத்தைத் தாண்டி ஏறியிருந்தால், விற்றால் எவ்வளவு வரி வரும் என்று பார்த்துவிட்டுத்தான் மாற்றச் சொல்கிறார். பாலிசிகளில் நாமினியாக யார் பெயர் இருக்கிறது, உயில் எழுதியாயிற்றா என்றும் விடாமல் கேட்கிறார். இந்தச் சந்திப்புக்குத் தனிக் கட்டணம். அதையும் செலவுத் தாளில் ஒரு வரியாக அவரே சேர்த்துவிட்டார்.