1912 பயோனெட் கடைசியில் ‘க்ளிக்’ என்றது

மூன்று வாரமாக என்னைப் படுத்தி எடுத்த பயோனெட் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி) நேற்று ராத்திரி ரைஃபிளில் பூட்டிக்கொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்கவே பத்து தடவை மாட்டி மாட்டிக் கழற்றினேன்.

ரைஃபிள் எஸ்எம்எல்இ மார்க் 3, முதல் உலகப் போர்க் காலத்து பிரிட்டிஷ் படைத் துப்பாக்கி. கிரீடம், ஜிஆர் (ஜார்ஜ் மன்னரின் எழுத்துகள்), என்ஃபீல்ட் (செய்த தொழிற்சாலை), 1912 என்று முத்திரை பளிச்சென்று இருக்கிறது. ரஷ்ய ரைஃபிளான மோசின் நாகன்ட் வைத்திருப்பவர்கள் ரைஃபிளிலும் பயோனெட்டிலும் ஒரே எண்ணைத் தேடி அலைவார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை, காலம் பொருந்தினால் போதும். கிடைத்தது வில்கின்சன் கம்பெனி செய்த 1907 பாட்டர்ன், அதாவது 1907 மாடல் பயோனெட். கத்தித் தகட்டில் 5 ’12 என்று தேதி, அதாவது 1912 மே. பிடிக்கும் தகட்டுக்கும் நடுவே உள்ள குறுக்குத் துண்டில் வளைந்து நிற்கும் கொக்கி மட்டும் இல்லை. 1913-இல் கொக்கியைக் கைவிட்ட பிறகு பழையவற்றிலும் வெட்டிவிட்டார்கள். இதில் அரம் போட்ட தடம் விரலுக்குத் தட்டுப்படுகிறது. கொக்கி உள்ளதற்குத்தான் மவுசு என்பதால் வெல்டிங் வைத்து ஒட்டிய போலிகளும் சுற்றுகின்றன. எனக்கு இந்த மொண்டியே போதும்.

சரி, பிரச்சினைக்கு வருகிறேன். பயோனெட்டின் வளையம் ரைஃபிள் முனையிலுள்ள நோஸ் கேப் என்ற இரும்பு மூடியின் குமிழில் அழகாக உட்கார்ந்தது. பிடியின் காடியும் அந்த மூடிக்குக் கீழே உள்ள இரும்புக் கட்டையில் வழுக்கிக்கொண்டு போனது. முழுதாகச் சேர இரண்டு மில்லிமீட்டர் இருக்கும்போது நின்றுவிட்டது. பூட்டு விழவில்லை. முதலில் ஸ்பிரிங் மேல் சந்தேகம். நான்கு நாள் துருநீக்கி எண்ணெய் விட்டேன்; பொத்தான் வெண்ணெயாக அமுங்கியது, பயோனெட் அசையவில்லை. அடுத்து, யாரோ கைப்பிடிக் கட்டையை மாற்றி வேறு ரைஃபிளுக்கான 1913 பாட்டர்னைத் தலையில் கட்டிவிட்டார்களோ என்று பயம். அசல் 1913-இன் கட்டையில் குறுக்கே இரண்டு பள்ளம் இருக்கும், அது இந்த ரைஃபிளில் ஏறவே ஏறாது. ஆனால் தகட்டில் 1907 என்றுதானே இருக்கிறது! ஒரு பலவீனமான நேரத்தில் ரைஃபிள் பக்க இரும்புக் கட்டையை லேசாக அரத்தால் தேய்க்கலாமா என்றுகூட நினைத்தேன். நல்ல வேளை, அரம் எங்கேயோ போயிருந்தது.

பதில் என் பெட்டியிலேயே கிடந்தது. என்னிடம் உள்ள இன்னொரு 1907 பாட்டர்ன், 1918-இல் சாண்டர்சன் கம்பெனி செய்தது, அதன் பிடி முனையில் ஒரு துளை உண்டு. 1916-இலிருந்து போட ஆரம்பித்த எண்ணெய்த் துளை. காடியில் சேரும் அழுக்கு அந்த வழியாக வெளியேறிவிடும். என் 1912-இல் அந்தத் துளையே இல்லை. அப்படியானால் இத்தனை வருட அழுக்கும் எங்கே போயிருக்கும்? காடியின் கோடியில் கல்லாக இறுகி உட்கார்ந்திருக்கிறது!

மண்ணெண்ணெய் ஊற்றித் தலைகீழாக ஒரு ராத்திரி நிறுத்தினேன். மூங்கில் குச்சியைச் சீவிச் சீவிச் சுரண்டினேன். தார் மாதிரிக் கறுப்புக் கிரீஸ், நடுவே மணல். எஃகு ஊசியைத் தொடவில்லை, கீறல் விழும். துளை போட்டுவிடேன் என்று ஒரு நண்பர் சொன்னார். அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

விற்றவர் ‘நன்றாக வேலை செய்யும்’ என்று எழுதியிருந்தார். எந்த ரைஃபிளில் மாட்டிப் பார்த்தாரோ!

கைப்பிடிக் கட்டைக்கு ஆளி விதை எண்ணெய் ஒரு பூச்சு ஆயிற்று, இன்னும் இரண்டு பாக்கி. தகட்டில் ஒரு ஓரம் கம்பிப் பஞ்சால் கொஞ்சம் அதிகமாகத் தேய்த்துவிட்டேன். பழைய நிறம் போய் அந்த இடம் மட்டும் பல்லிளிக்கிறது. தோல் உறையின் தையல் பாதி பிரிந்து கிடக்கிறது. தைத்தாலும் பயோனெட்டை அதற்குள் போட்டு வைப்பதாக இல்லை, தோல் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்றுவிடும்.

மெழுகு நூல் வந்து ஒரு வாரமாகிறது. நான் அதைப் பிரிக்காமல் மார்ட்டினி ஹென்றி என்ற பழைய பிரிட்டிஷ் ரைஃபிளுக்கு ஒரு 1876 சாக்கெட் பயோனெட் (குழல் முனையில் வளையமாகச் செருகும் வகை) கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருக்கிறேன். மார்ட்டினி ஹென்றி இன்னும் என்னிடம் இல்லை.