ஃபோஷானில் எனக்காக "நான்" என்று பேசியவர்

1957இல் தொடங்கிய கான்டன் வர்த்தகக் கண்காட்சி, சீனாவின் குவாங்சோ நகரில் வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் கூடுகிறது. டைல்ஸ் வாங்க அங்கே போயிருந்தேன். அரங்க வாசலில் மொழிபெயர்ப்பாளர்கள் அட்டையைப் பிடித்தபடி நிற்பார்கள். முதல் நாள் அவசரத்தில் அங்கிருந்தே ஒரு இளைஞரைக் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல பையன், ஆங்கிலமும் சரளம். ஆனால் டைல்ஸ் அவருக்குப் புதுசு. "நீர் உறிஞ்சும் அளவு 0.5 சதவீதத்துக்குள் இருக்குமா?" என்ற என் கேள்வி, ஸ்டாலில் இருந்தவரிடம் "தண்ணீர் புகாதா?" என்று போய்ச் சேர்ந்திருக்கிறது. அவரும் தலையாட்டிவிட்டார். எனக்கு இது பின்னால்தான் தெரிந்தது.

சாயங்காலம் ஹோட்டலில், பல வருடமாகச் சரக்கு எடுக்க வரும் ஒருவரிடம் புலம்பினேன். "மொழிபெயர்ப்பில், சீனத்தில் சொல்வதுபோல், பீ யி வேறு, கோ யி வேறு. முதலாவது பேனாவால் செய்வது, இரண்டாவது வாயால் செய்வது. உங்களுக்குக் கோ யி ஆள்தான் வேண்டும். கேட்டி சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள்" என்றார். 2003இலிருந்து சீனாவில் நடக்கும் மொழிபெயர்ப்பாளர் தேர்வு அது. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "தொழிற்சாலையிடம் கமிஷன் வாங்குவீர்களா என்றும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்" என்றார்.

மூன்று பேரிடம் போனில் பேசினேன். இரண்டு பேர் ஒரு நாளுக்கு எவ்வளவு என்று மட்டும் சொன்னார்கள். மூன்றாவது பெண், நான் கேட்டதைவிட அதிகம் கேட்டார். எந்த வகை டைல்ஸ், யாரைப் பார்க்கப் போகிறீர்கள், தர விவரத் தாளை இன்றிரவே வீசாட் செயலியில் அனுப்ப முடியுமா? சரி, இவர்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் மெட்ரோவிலேயே பக்கத்து நகரமான ஃபோஷானில் இருக்கும் டைல்ஸ் தொழிற்சாலைக்குப் போனோம். பேச்சு தொடங்கியதும் எனக்கு ஆச்சரியம். "அவர் சொல்கிறார்" என்பதே கிடையாது. நான் பேசினால் சீனத்தில் "நான்", முதலாளி பேசினால் ஆங்கிலத்தில் "நான்". கொஞ்ச நேரத்தில் நடுவில் ஒருவர் இருப்பதே மறந்து, நானும் முதலாளியும் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தோம்.

சரக்கு எத்தனை நாளில் கிடைக்கும் என்ற இடத்தில் மட்டும் அவர் நிறுத்தினார். சீனத்தில் பத்து என்றால் ஷி, நான்கு என்றால் ஸி; பதினான்கு ஷி ஸி, நாற்பது ஸி ஷி. தெற்கே பலர் நாக்கில், நம்மூரில் ழகரமும் ளகரமும் கலப்பதுபோல, இரண்டும் ஒன்றாகிவிடும். நோட்டில் 14 என்றும் 40 என்றும் எழுதி முதலாளி பக்கம் திருப்பினார். அவர் விரல் 40இல் நின்றது. நான் 14 என்று நம்பி ஊருக்குச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

நடுவில் முதலாளி தன் மகனிடம் அந்தப் பகுதி மொழியான கான்டனீஸில் ஏதோ பேச ஆரம்பித்தார். இவர் உடனே, "எனக்குக் கான்டனீஸும் புரியும்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, அதையே என்னிடமும் ஆங்கிலத்தில் சொன்னார். அந்த நேர்மையில்தான் எனக்கு அவர்மேல் முழு நம்பிக்கை வந்தது. தந்தையும் மகனும் எழுந்து வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள்.

திரும்பும்போது ஸ்டேஷன் வாசலில் நோட்டிலிருந்து அன்றைய தாள்களைக் கிழித்து, பொடிப்பொடியாக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டார். ஏன் என்று கேட்டேன்.

"உங்கள் விலை, அவர்கள் விலை எல்லாம் இதில்தானே இருக்கிறது" என்றார்.